சனிக்கிழமை ஆறு மணிக்கு வந்த பிங்க் தாள்

இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றங்கரையில் இருக்கும் நியூகாசில் நகரத்தில் நூறாண்டைத் தாண்டி வாழ்ந்த ‘பிங்க்’, 2005 டிசம்பரில் காலமானது. ஈவினிங் குரோனிக்கிள் நாளிதழின் சனிக்கிழமைக் கால்பந்துப் பதிப்பு அது. இளஞ்சிவப்புத் தாளில் அச்சானதால் நிறமே பெயராகிவிட்டது. பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கும். நாலே முக்காலுக்குள் முடியும். ஆறு மணி வாக்கில் அந்த ஆட்டத்தின் முழுக் கதையும், நாடெங்கும் நடந்த மற்ற ஆட்டங்களின் முடிவுகளும், புதிதாகக் கணக்கிட்ட புள்ளிப் பட்டியலும், விரலில் மை ஒட்டும் ஈரத்தோடு தெருமுனைக்கு வந்துவிடும்.

அதற்குப் பெரிய குடும்பம் இருந்தது. மான்செஸ்டரின் பிங்க் 2000-இல் போனது. பர்மிங்காமில் 1897-இல் பிறந்த ஸ்போர்ட்ஸ் ஆர்கஸ் 2006-இல் நின்றது. ஷெஃபீல்டில் பச்சைத் தாளில் வந்த கிரீன் அன், 1907-இல் தொடங்கி 2013 வரை இழுத்துப் பிடித்தது. சவுத்தாம்ப்டனின் பிங்க் 2017-இல் கண் மூடியது. எல்லோருக்கும் ஒரே நோய்தான். உடம்பு தாங்கிய காலம்தான் வேறு.

செத்தவரைப் பற்றி நல்லதை மட்டுமே பேச வேண்டும் என்பார்கள். பிங்க்குக்கு அந்த மரியாதையை முழுதாகக் கொடுக்க முடியாது. ஆட்டத்தைப் பற்றி அதனால் பொய் சொல்லவே முடிந்ததில்லை. கிளப்பைப் பற்றி உண்மை சொல்ல அதற்குத் துணிச்சல் போதவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: அது ஊரோடு ஒட்டிப் பிறந்து ஊரோடு ஒட்டியே வாழ்ந்தது.

பிறப்பு

சனிக்கிழமை மாலை என்பது இங்கிலாந்துத் தொழிலாளிக்குச் சட்டம் வாங்கிக் கொடுத்த சொத்து. 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், துணி ஆலைகளில் பெண்களுக்கும் இளையவர்களுக்கும் சனிக்கிழமை வேலை இரண்டு மணிக்கு முடிய வேண்டும் என்றது. மற்றத் தொழில்களும் மெல்ல மெல்ல அந்த வழிக்கு வந்தன. சங்கு ஊதியதும் கிடைத்த அரை நாளில் பொழுதுபோக்கு ஒன்று தேவைப்பட்டது. ஆட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியதன் கணக்கு இதுதான். வேலை முடிந்து, கஞ்சியோ கறியோ எதையாவது வயிற்றில் போட்டுக்கொண்டு, நடந்தே மைதானத்துக்குப் போய்ச் சேர அந்த ஒரு மணி நேரம் போதும்.

1870-இல் தந்திச் சேவை அஞ்சல் துறையின் கைக்கு வந்தது. பத்திரிகைகளுக்குச் சலுகைக் கட்டணம் கிடைத்தது. 1888-இல் பன்னிரண்டு கிளப்புகள் சேர்ந்து லீக் தொடங்கின. இன்ன வாரம் இன்ன ஊரில் இன்னாரோடு ஆட்டம் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்ட பிறகு, அதற்கென்று தனித் தாள் போடுவது நல்ல வியாபாரம். தொலைபேசி பரவாத நாட்களில் மைதானத்திலிருந்து அச்சகத்துக்குச் செய்தியைப் புறாக்கள் சுமந்தன. கோல் விழுந்த செய்தி புறாவின் காலில் மடித்துக் கட்டப்பட்டு, கூரைகளுக்கு மேலே பறந்து போனது.

இந்தத் தாளை வாங்கியவர்கள் எல்லோரும் கால்பந்துப் பக்தர்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1923-இல் லிட்டில்வுட்ஸ் நிறுவனம் தன் பந்தயச் சீட்டுகளை மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்துக்கு வெளியே விநியோகித்துத் தொடங்கிய ‘பூல்ஸ்’ பந்தயம், சில ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. எந்தெந்த ஆட்டங்கள் சமனில் முடியும் என்று வாரா வாரம் சீட்டில் குறித்து அனுப்புவார்கள். பந்தைக் காலால் தொட்டிராத பாட்டிகூட சனிக்கிழமை மாலை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முடிவுகளைச் சரிபார்ப்பாள். 1994-இல் தேசிய லாட்டரி வந்து அந்தப் பழக்கத்தின் கழுத்தை நெரித்தது. பிங்க்கை வாங்கியவர்களில் ஒரு பெருங்கூட்டம் அப்போதே கலைந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை

உட்பக்கங்கள் காலையிலேயே தயார். பள்ளி ஆட்டங்கள், சின்ன லீகுகள், பழைய ஆட்டக்காரரின் பத்தி, கேலிச்சித்திரம், வாசகர் கடிதம் எல்லாம் அவற்றில் அடங்கிவிடும். முதல் பக்கத்தில் மட்டும் பெரிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.

மைதானத்தில் நிருபர் தொலைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, கண்ணால் பார்த்ததை வாயால் வாக்கியமாக்கிச் சொல்ல வேண்டும். எழுதிப் பார்க்க நேரம் கிடையாது. அலுவலகத்தில் ஹெட்போன் மாட்டிய ஒருவர் அதைத் தட்டச்சு செய்வார். தாள் தாளாக அது உதவி ஆசிரியருக்குப் போகும். அங்கிருந்து லைனோடைப் இயந்திரத்துக்கு. அங்கே ஈய வரிகளாக வார்க்கப்பட்டுப் பக்கத்தில் ஏறும். முதல் பாதியின் கதை அச்சுக் கோத்து முடிந்த பிறகுதான் இரண்டாம் பாதியில் என்ன நடக்கப் போகிறது என்பதே தெரியும். கடைசி விசில் ஊதிய சில நிமிடங்களில் தலைப்பு, முடிவு, ஒரு சின்ன முன்னுரை. ரோட்டரி அச்சு இயந்திரம் உருளும். அதற்கும் பிந்திய முடிவுகளுக்கென்று ஓரத்தில் ஒரு கட்டம் ஒதுக்கியிருப்பார்கள்.

இதனால் அந்தச் செய்திக்கு ஒரு விசித்திரமான உடல்வாகு அமைந்தது. தலை பெருத்து, கால் சூம்பி இருக்கும். முதல் இருபது நிமிடத்தில் வெளியே போன பந்துக்கெல்லாம் ஒரு பத்தி. எண்பத்தெட்டாவது நிமிடத்தில் ஆட்டத்தையே புரட்டிப்போட்ட கோலுக்கு ஒன்றரை வரி. தலைப்பில் தோல்வி என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே முதல் மூன்று பத்திகளில் நம் பையன்கள் எதிரணியைக் கசக்கிப் பிழிந்துகொண்டிருப்பார்கள். வாசகருக்கு அதில் குழப்பம் இல்லை. அவரும் மூன்று மணிக்கு அப்படித்தான் நம்பியிருந்தார். நாலே காலுக்கு அவருக்கும் வயிற்றைப் பிசைந்தது.

முடிவு தெரிந்த பிறகு எழுதப்படும் எந்த ஆட்டக் கட்டுரையிலும் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. தோற்ற அணி தொடக்கத்திலிருந்தே சொதப்பியதாகத் தெரியும். ஜெயித்த மேனேஜரின் ஒவ்வொரு முடிவும் தீர்க்கதரிசனமாகத் தெரியும். பிங்க்குக்கு அந்தச் சௌகரியம் கிடைத்ததே இல்லை. சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது, ஈயம் உறைந்துவிட்டது. நன்றாக ஆடுகிறான் என்று அரை மணிக்கு முன் புகழப்பட்டவன் பெனால்டியை வானத்துக்கு அடித்தால், புகழும் வானமும் ஒரே பக்கத்தில் அச்சாகும்.

அதைவிடப் பெரிய காவல் ஒன்று இருந்தது. தாளை வாங்குகிறவர்களில் பல ஆயிரம் பேர் அதே ஆட்டத்தை அன்றைக்கே நேரில் பார்த்துவிட்டு வந்தவர்கள். நியூகாசிலின் மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கிலிருந்து இறங்கி, மதுக்கடையில் ஒரு கோப்பையோடு நின்றுகொண்டு பிங்க்கைப் பிரிக்கும் ஆளிடம் கோல்கீப்பரின் தவறை மூடி மறைக்க முடியுமா? அவர் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றவர். நிருபரின் பெயர் தெரியும், முகம் தெரியும், எந்தக் கடையில் குடிப்பார் என்பதும் தெரியும். திங்கட்கிழமை வழியில் நிறுத்திக் கேட்டுவிடுவார்கள். பத்திரிகை நேர்மை என்று பெரிய வார்த்தை சொல்கிறோம். பிங்க்கின் விஷயத்தில் அது ஊர் வாய்க்குப் பயந்த ஒழுக்கம். அதனாலேயே நம்பத் தகுந்தது.

வாசகர் கடிதப் பக்கமும் அப்படியே. இந்த மேனேஜரை அனுப்பு, அந்த முன்கள ஆட்டக்காரனை உட்கார வை என்று ஒருவர் எழுதினால் அடுத்த சனிக்கிழமைதான் பதில் வரும். நடுவில் ஓர் ஆட்டம் நடந்து முடிந்திருக்கும். வாதத்துக்குச் சாட்சியாக ஓர் ஆட்டம் வந்து நிற்பதால், பாதிக் கடிதங்கள் அச்சேறும் முன்பே காலாவதியாகிவிடும்.

குறை

இனி மறுபக்கம். ஆட்டம் எல்லோர் கண் முன்னாலும் நடந்தது; கிளப்பின் நிர்வாகம் மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது. அந்தக் கதவைத் திறந்துவிடுகிறவர்கள் கிளப்காரர்கள். யார் காயம், யார் அணியில், யாரை வாங்கப் போகிறார்கள் என்ற செய்தி வேண்டுமானால் அவர்கள் முகம் கோணாமல் நடந்துகொள்ள வேண்டும். நிருபர் அணியோடு ஒரே பேருந்தில் போனார், ஒரே ஓட்டலில் தங்கினார், ஒரே விமானத்தில் ஏறினார். 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் விமானம் நொறுங்கியபோது இறந்தவர்களில் எட்டுப் பேர் பத்திரிகையாளர்கள். மான்செஸ்டர் ஈவினிங் நியூஸின் டாம் ஜாக்சனும், அந்த ஊரின் போட்டிப் பத்திரிகையான மான்செஸ்டர் ஈவினிங் குரோனிக்கிளின் ஆல்ஃப் கிளார்க்கும் அவர்களில் இருவர். வாரந்தோறும் அந்த அணியைப் பற்றி எழுதியவர்கள் அந்த அணியோடே செத்தார்கள். அந்த நெருக்கத்தின் ஆழம் அது. அப்படி உடன் வாழ்கிறவன் அணியின் அந்தரங்கத்தை எழுதுவானா? எழுத மாட்டான். பல ஊர்களில் பல நிருபர்கள் எழுதவில்லை.

நியூகாசிலில் இதன் விலை தெளிவாகவே தெரிந்தது. 1980-களில் அந்தக் கிளப் தன் மண்ணில் விளைந்ததையெல்லாம் விற்றது. 1985-இல் கிறிஸ் வாடில் டாட்டன்ஹாமுக்குப் போனார். 1987-இல் பீட்டர் பியர்ட்ஸ்லி லிவர்பூலுக்கு. 1988-இல் பால் காஸ்காய்ன் டாட்டன்ஹாமுக்கு. முதலாளிகளுக்கு அணியை மேலே கொண்டுவரும் எண்ணம் இருக்கிறதா, கல்லாவை மூடி உட்கார்ந்திருக்கிறார்களா என்று ரசிகர்கள் கேட்ட கேள்விக்கு, ஆட்டத்தை அவ்வளவு நுணுக்கமாகச் சொன்ன தாள்களில் அதே நுணுக்கமான பதில் கிடைக்கவில்லை. ரசிகர்கள் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். 1988-இல் ‘தி மேக்’ என்ற சிற்றிதழ் வந்தது. அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தின் பல ஊர்களிலும் இப்படிச் சிற்றிதழ்கள் முளைத்தன. மைதான வாசலில் கையில் வைத்து விற்றார்கள். பிழையும் வசவுமாக இருந்தாலும் முதலாளியைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். பிங்க் விட்டுவைத்த இடத்தில்தான் அந்தச் செடி வளர்ந்தது.

நோய்

பிங்க்கைக் கொன்றது வேகம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. பிபிசி வானொலியின் ‘ஸ்போர்ட்ஸ் ரிப்போர்ட்’ 1948 ஜனவரியிலிருந்து சனிக்கிழமை மாலை முடிவுகளை வாசித்து வந்தது. பின்னாளில் அவற்றை வாசித்த ஜேம்ஸ் அலெக்சாண்டர் கார்டனின் குரல் ஏறினால் ஜெயம், இறங்கினால் தோல்வி. இரண்டாம் அணியின் எண்ணைச் சொல்வதற்கு முன்பே நாடு புரிந்துகொள்ளும். 1974-இலிருந்து தொலைக்காட்சித் திரையில் சீஃபேக்ஸ் என்ற எழுத்துச் செய்திச் சேவை ஓடியது. முடிவு எல்லோருக்கும் தெரிந்த பிறகும் பிங்க் பல பத்தாண்டுகள் விற்றது. அதை வாங்கியவருக்கு முடிவு தெரியாமல் இல்லை. தான் பார்த்ததை இன்னொருவரும் பார்த்தாரா என்று தெரிய வேண்டியிருந்தது.

அதன் உயிர் மூன்று மணியில் இருந்தது. எல்லா ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிந்தால்தான், எல்லா முடிவும் சேர்ந்து ஒரு பட்டியல் ஆகும். அந்தப் பட்டியலைத் தாங்கி வரும் தாளுக்கும் அர்த்தம் இருக்கும். 1992-இல் பிரீமியர் லீக் பிறந்து ஸ்கை தொலைக்காட்சியோடு ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து ஆட்டங்கள் ஞாயிற்றுக்கும் திங்களுக்கும் சிதறின. பிறகு சனிக்கிழமைக்குள்ளேயே மதியம், மாலை என்று பிரிந்தன. நியூகாசில் ஞாயிற்றுக்கிழமை ஆடினால் சனிக்கிழமைத் தாளின் முதல் பக்கத்தில் எதைப் போடுவது? இதில் ஒரு வேடிக்கை உண்டு. மைதானக் கூட்டம் குறையக் கூடாது என்று 1960-களில் வந்த ஏற்பாட்டின்படி, சனிக்கிழமை இரண்டே முக்காலிலிருந்து ஐந்தே கால் வரை இங்கிலாந்தில் எந்த ஆட்டத்தையும் நேரடியாக ஒளிபரப்பக் கூடாது. அந்தத் தடை இன்றும் இருக்கிறது. மூன்று மணிக்கு இன்னும் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே மேய வேண்டிய ஆட்டங்களைத்தான் வெளியே ஓட்டிவிட்டார்கள்.

மற்றவை வழக்கமான சிக்கல்கள். மாலைப் பத்திரிகைகள் இரவிலேயே அச்சாகிக் காலையில் விற்கும் பத்திரிகைகளாக மாறின. ஊருக்குள் இருந்த அச்சகங்கள் மூடப்பட்டன. சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரத்துக்காக ஆளும் வண்டியும் வைத்திருப்பது கட்டுப்படியாகவில்லை. செல்போன் வந்தது. 2005-இல் கணக்குப் பார்த்தவர்கள் கதவைச் சாத்தினார்கள்.

இங்கிலாந்தின் பத்திரிகைக் கடைகளில் இன்று இளஞ்சிவப்புத் தாளில் எஞ்சியிருக்கும் பெரிய பெயர் ஃபைனான்ஷியல் டைம்ஸ். 1893-லிருந்து அந்த நிறத்தில் வருகிறது. பங்குச் சந்தை, கம்பெனிக் கொள்முதல், கடன் பத்திரம் எல்லாம் அதன் பாடு. கால்பந்துப் பேச்சும் அந்தப் பக்கம்தான் போய்ச் சேர்ந்தது.

இரவல் காலம்

பிங்க் செத்து ஒன்றரை ஆண்டில், 2007-இல், விளையாட்டுப் பொருள் கடைகளின் அதிபர் மைக் ஆஷ்லி சுமார் 13.4 கோடி பவுண்டுக்கு நியூகாசில் யுனைடெட்டை வாங்கினார். அடுத்த பதினான்கு ஆண்டுகள் அந்த ஊர் ஆட்டத்தைப் பற்றிப் பேசியதைவிட அவரைப் பற்றிப் பேசியதே அதிகம். 2009-இலும் 2016-இலும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. 2011-இல் செயின்ட் ஜேம்ஸ் பார்க் என்ற பெயரை எடுத்துவிட்டுத் தன் கடையின் பெயரை மைதானத்துக்கு வைத்தார். மறு ஆண்டு பழைய பெயர் திரும்பியது.

இந்தக் காலத்தின் பேச்சை ஒரே சொல்லில் அடக்கலாம்: லோன். வேறு கிளப்பின் ஆட்டக்காரரை ஒரு பருவத்துக்கோ அரைப் பருவத்துக்கோ இரவலாக வாங்கி ஆடவைப்பது. 2013 கோடையில் லோயிக் ரெமி குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸிலிருந்து இரவலில் வந்தார். 26 லீக் ஆட்டங்களில் 14 கோல் அடித்தார். கல்யாண வீட்டில் இரவல் நகை மின்னுகிற மாதிரிதான் அது: பார்ப்பவர் கண்ணுக்கு அழகு, போட்டவள் மனசுக்கு மட்டும் தெரியும் திருப்பிக் கொடுக்கும் நாள். 2014 ஜனவரியில் அணியின் மூளையாக இருந்த யோஹான் கபாயை சுமார் 2 கோடி பவுண்டுக்குப் பாரிஸ் செயின்ட் ஜெர்மெயினுக்கு விற்றார்கள். அந்த மாதம் வந்து சேர்ந்தவர் ஜெர்மனியிலிருந்து இன்னொரு இரவல், லூக் டி யாங். 12 ஆட்டம், ஒரு கோலும் இல்லை. ஆட்டக்காரர் விற்பனைச் சந்தை மூடிய சில நாட்களில் கால்பந்து இயக்குநர் ஜோ கின்னியர் பதவி விலகினார். விற்பது சொந்தப் பொருள், வாங்குவது இரவல் என்றால் முதலாளிக்கு இந்தக் கிளப்பை எங்கே கொண்டுபோகும் எண்ணம்? ஊர் முழுக்க அதே கேள்வி.

அந்தக் கேள்வியை அச்சில் கொண்டுவந்ததற்குத் தண்டனையும் கிடைத்தது. 2013 அக்டோபரில் ரசிகர்கள் சிலர் ஆஷ்லிக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். குரோனிக்கிள், அதன் சகோதர இதழ்களான ஜர்னல், சண்டே சன் ஆகிய மூன்றும் அதை எழுதின. செய்திக்குக் கொடுத்த இடம் அளவுக்கு மீறியது என்று சொல்லி, மூன்று இதழ்களின் நிருபர்களுக்கும் கிளப் கதவைச் சாத்தியது. பிங்க்கைப் பெற்றெடுத்த பத்திரிகைக்கு, அது ஒரு நூற்றாண்டு உட்கார்ந்த இருக்கை இல்லாமல் போனது. 2015-இல் புதிய மேனேஜராக ஸ்டீவ் மெக்லாரன் வந்தபோது பேச அனுமதிக்கப்பட்டவர்கள் ஸ்கையும் டெய்லி மிரரும் மட்டும். கிளப்பின் ‘விருப்பமான கூட்டாளிகள்’ என்று அவர்களுக்குப் பெயர்.

இதை ஒரு முதலாளியின் கோணல் என்று ஒதுக்கிவிட முடியாது. 2010 ஆகஸ்டில் சவுத்தாம்ப்டன் கிளப் வெளிப் புகைப்படக்காரர்களை மைதானத்துக்குள் விடாமல் தன் படங்களையே வாங்கிப் போடச் சொன்னது. அன்று எதிரணியின் ஊரான பிளிமத்தின் ஹெரால்டு பத்திரிகை கேலிச்சித்திரக்காரரை உட்கார வைத்து ஆட்டத்தை வரைந்து வெளியிட்டது. பிளிமத் 1-0 என்று ஜெயித்த ஆட்டம் அது. பிங்க்கின் இரத்தம் அந்தக் குடும்பத்தில் இன்னும் கொஞ்சம் ஓடியது என்பதற்கு அந்தப் பக்கம் சாட்சி.

பிறகு வந்தது 2021 அக்டோபர். சவுதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் தலைமையிலான கூட்டணி, 30.5 கோடி பவுண்டுக்கு என்று செய்திகள் சொன்ன தொகையில், கிளப்பை வாங்கியது. நிதியத்துக்கு 80 விழுக்காடு. சவுதி அரசு கிளப்பை ஆட்டுவிக்காது என்று சட்டப்படி கட்டுப்படுத்தும் உறுதிமொழி கிடைத்ததாகப் பிரீமியர் லீக் அறிவித்தது. அந்த நிதியத்தின் தலைவர் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான். மூன்று ஆண்டுகளுக்கு முன் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி இஸ்தான்புல்லின் சவுதி துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்டதற்கு அவர் ஒப்புதல் அளித்தார் என்று அமெரிக்க உளவுத் துறை மதிப்பிட்டிருந்தது. சவுதி அதை மறுத்தது. நிருபர்களைத் துரத்திய முதலாளி போன மகிழ்ச்சியில் ஊர் ஆடிய அதே இரவில், புதிய முதலாளியைப் பற்றிப் பத்திரிகை எழுத வேண்டிய முதல் விஷயம் ஒரு பத்திரிகையாளரின் சாவாக இருந்தது. எழுதினால் ஊருக்கு எதிரி என்றார்கள். எழுதாவிட்டால் விலைபோய்விட்டான் என்றார்கள்.

இரவலின் பொருளும் தலைகீழானது. 2014-இல் அது கஞ்சத்தனத்தின் அடையாளம். 2023 ஆகஸ்டில் செல்சியிலிருந்து லூயிஸ் ஹால் இரவலில் வந்தார், குறிப்பிட்ட நிபந்தனைகள் நிறைவேறினால் பின்னர் 2.8 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியே தீர வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. செலவுக் கட்டுப்பாட்டு விதிகளுக்குள் அடங்க, இந்த ஆண்டின் செலவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளும் கணக்கு அது. அதே கோடையில் நிதியம் அல் ஹிலால் உள்ளிட்ட நான்கு சவுதி கிளப்புகளில் தலா 75 விழுக்காட்டை எடுத்திருந்தது. தன் ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஆட்டக்காரர்களை இரவல் கொடுத்தால் என்ன ஆகும் என்று மற்றவர்கள் பயந்தார்கள். அல் ஹிலாலின் ரூபென் நேவஸ் வருவார் என்று பேச்சு அடிபட்டது. 2023 நவம்பரில், ஒரே முதலாளியின் கிளப்புகளுக்கு இடையே இரவலைத் தற்காலிகமாகத் தடுக்கும் முன்மொழிவு பிரீமியர் லீக் கிளப்புகளின் வாக்குக்கு வந்தது. வேண்டியது 14 வாக்கு, கிடைத்தது 13. நேவஸ் கடைசியில் வரவில்லை. வாக்கெடுப்பைப் பற்றிய சண்டை மட்டும் மாதக்கணக்கில் ஓடியது.

இந்தச் சண்டைகளில் ரசிகர் யாரும் தன் கண்ணால் எதையும் பார்க்கவில்லை. ஒப்பந்தத்தைப் பார்க்கவில்லை, வாக்கெடுப்பைப் பார்க்கவில்லை, முதலாளியின் எண்ணத்தைப் பார்க்க வழியே இல்லை. முன்பு பெனால்டி சரியா தப்பா என்று அடித்துக்கொண்டவர்கள் இப்போது எந்த நிருபருக்கு யார் செய்தி கசியவிட்டார் என்று அடித்துக்கொள்கிறார்கள். எல்லோரும் பார்த்த ஒன்றைப் பற்றிய வாதம் ஒரு மாலைக்குள் தீரும். யாரும் பார்க்காத ஒன்றைப் பற்றிய வாதம் தீரவே தீராது.

இரண்டு விற்பனைகளை அருகருகே வைத்தால் இது இன்னும் தெளிவாகும். 1995 ஜனவரி 10 அன்று அணியின் முன்கள ஆட்டக்காரர் ஆண்டி கோலை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்ற செய்தி பரவியதும் ரசிகர்கள் செயின்ட் ஜேம்ஸ் பார்க் வாசலில் கூடினார்கள். மேனேஜர் கெவின் கீகன் படிக்கட்டுக்கு வந்து நின்று, ஏன் விற்றேன் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். திட்டினார்கள், கேட்டார்கள், கலைந்தார்கள். 2025 ஆகஸ்டில் அணியின் முன்கள ஆட்டக்காரர் அலெக்சாண்டர் இசாக் லிவர்பூலுக்குப் போக விரும்பியபோது, வாக்குறுதி கொடுத்து மீறிவிட்டார்கள் என்று தன் இன்ஸ்டாகிராமில் எழுதினார். அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்று கிளப் பதில் அறிக்கை விட்டது. செப்டம்பர் 1 அன்று 12.5 கோடி பவுண்டுக்கு அவர் போய்ச் சேர்ந்தார். யார் சொன்னது உண்மை? இரு தரப்பும் ரசிகரிடம் நேராகப் பேசின. நடுவில் நின்று பார்த்த ஆள் ஒருவரும் இல்லை.

தீர்ப்பு

1955 மே 7, சனிக்கிழமை, மூன்று மணி. எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் ஜாக்கி மில்பர்ன் 45-ஆவது நொடியில் தலையால் முட்டிக் கோல் போட, நியூகாசில் 3-1 என்று மான்செஸ்டர் சிட்டியை வென்றது. மில்பர்ன் பின்னாளில் பத்திரிகைக்காரராகவே ஆனார். அந்த நாளுக்குப் பிறகு உள்நாட்டுப் பெருங்கோப்பை ஒன்று நியூகாசிலுக்குக் கிடைக்க எழுபது ஆண்டுகள் பிடித்தன. 2025 மார்ச் 16 அன்று லீக் கோப்பையில் லிவர்பூலை 2-1 என்று வென்றார்கள். அருகிலுள்ள பிளைத்தில் பிறந்த டான் பர்ன் முதல் கோலைத் தலையால் போட்டார். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்குத் தொடங்கியது. பிங்க் உயிரோடு இருந்திருந்தாலும் அந்தச் செய்தியைப் போட்டிருக்க முடியாது. ஆகவே அது திரும்பி வர வேண்டும் என்று அழுவது வீண். அது வாழ்ந்த சனிக்கிழமையே இப்போது இல்லை.

ஆனால் சொத்து இருக்கிறது, பிரித்துக்கொள்ளலாம். பார்த்ததைப் பார்த்தவர் நடுவிலேயே, பெயர் போட்டு, முடிவு தெரியும் முன்பே சொல்லிவிட்டு, திங்கட்கிழமை அதே தெருவில் நடந்து போவது என்ற ஒழுங்கை அது விட்டுச் சென்றிருக்கிறது. அந்த ஒழுங்கை அது ஆட்டத்தோடு நிறுத்திக்கொண்டது. முதலாளியின் அறைக்குள் கொண்டுபோகவில்லை. 2013-இல் அதன் தாய்ப் பத்திரிகை கொண்டுபோய்ப் பார்த்தது, வெளியே தள்ளப்பட்டது. அப்போது சந்தாக் கட்டி அந்தப் பத்திரிகையைத் தாங்கியவர்கள் எத்தனை பேர், ஓசியில் படித்துவிட்டு நிருபரைத் திட்டியவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த ஊர் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். பிங்க்கை வளர்த்தது சனிக்கிழமை தோறும் கையிலிருந்து விழுந்த சில்லறை. நேர்மையான பத்திரிகை வேண்டும் என்று கேட்கிற எந்த ஊருக்கும் அந்தச் சில்லறைக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.